கத்தானகத்தாரியின் நான்காம் அத்தியாயம்: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தானகத்தாரி என்ற ஜப்பானிய அனிமே (அசைவூட்டத்) தொடரில் முதல் நான்கு அத்தியாயங்களையும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள். நான்காம் அத்தியாயத்தில் நடப்பதை மறைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச வழியில்லை.

பார்த்தவர்களுக்கு ஒரு சிறு நினைவூட்டல். ஷிகிசாகி கிகி என்ற கொல்லன் அடித்த 1000 வாள்களில் தலைசிறந்தவை 12. அவற்றைத் திரட்ட ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) அரசு அனுப்பும் வியூகக்காரி தொகாமே. அவளுடன் கிளம்புகிறவன் யசுரி ஷிச்சிகா. வாளே ஏந்தாத ஒரு வாள்கலையின் ஏழாம் தலைமுறைத் தலைவன். வெளியுலகம் அறியாமல் ஒரு தீவில் அக்கா நனாமியோடு வளர்ந்தவன். நிசியோ இஷின் எழுதிய 12 நாவல்களை வைட் ஃபாக்ஸ் நிறுவனம் 12 அத்தியாயங்களாக்கியது. கெய்தாரோ மொத்தொனாகா இயக்கினார். 2010 ஜனவரியிலிருந்து மாதம் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம் ஓடும்படி வெளிவந்தன. அந்த 50 நிமிடத்தில் பெரும்பகுதி பேச்சுதான். நடந்துகொண்டே பேசுவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், கொல்வதற்கு முன்பும் பேசுவார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் வந்த முன்னோட்டம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஜப்பானின் தலைசிறந்த வாள்வீரன் என்று பெயரெடுத்த சபி ஹக்குஹெய்யும் ஷிச்சிகாவும் மோதும் காட்சிகள் அதில் இருந்தன. ஏப்ரலில் நான்காம் அத்தியாயம் வந்தது. ஹக்குஹெய்யைக் காணோம். வந்தவர்கள் மனிவா என்ற நிஞ்சா குலத்தின் பூச்சிப் படையைச் சேர்ந்த மூவர். நனாமியைப் பிணையாகப் பிடிக்கத் தீவுக்குப் போகிறார்கள். அத்தியாயத்தின் பெரும்பகுதி அங்கேயே நடக்கிறது. பெரிய சண்டை நடந்து முடிந்ததே, ஷிச்சிகாவும் தொகாமேயும் பின்னால் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொள்ளும்போதுதான் நமக்குத் தெரிகிறது. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஏமாற்றுவேலை என்றார்கள் சிலர், ஏப்ரல் முட்டாள் தினக் குறும்பு என்றார்கள் சிலர், காசில்லாமல் சண்டையை வெட்டிவிட்டார்கள் என்றார்கள் இன்னும் சிலர். இன்றும் புதிதாகப் பார்ப்பவர்கள் அதே இடத்தில் அதே கோபத்தோடு நின்றுவிடுகிறார்கள். கோபம் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் செய்யப்படும் சில தவறுகள், இந்தத் தொடரின் ஆகச்சிறந்த 50 நிமிடங்களில் ஒன்றைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகின்றன. என் ஆதங்கம் அதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முன்னோட்டத்தை வைத்து அத்தியாயத்தை அளப்பது. ஹக்குஹெய் எப்போது வருவான் என்று காத்திருந்தவர்கள், கண்ணெதிரே நின்ற நனாமியைப் பார்க்கவே இல்லை. அவள் நோயாளி. நாலடி நடந்தால் களைத்துப்போகிறவள் போலத் தெரிகிறாள். பேச்சில் குரல் உயர்வதே இல்லை. மரியாதை குறையாத சொற்கள், நடுநடுவே ஒரு பெருமூச்சு. அவளைப் பிடிக்க வந்தவர்களோ தேர்ந்த கொலைகாரர்கள். ஒருவன் நகங்களை நீட்டிக் கத்தியாக்குவான். ஒருவன் தன் எடையையே இல்லாமல் செய்துகொள்வான். மூன்றாமவன் முட்குண்டுகளை விரலால் சுண்டி எறிவான். இந்த மூவரும் அந்தத் தீவில் முடிந்துபோகிறார்கள். எந்த வித்தையையும் ஒருமுறை பார்த்தால் அவளுக்கு ஏறக்குறைய பிடிபட்டுவிடும், இரண்டாம் முறை பார்த்தால் சந்தேகமே இல்லை. எதிரி ஆண்டுக்கணக்கில் பயின்றதை அவனெதிரிலேயே, அலுப்போடு, அவன் மீதே செய்துகாட்டுகிறாள்.

இங்கே பேச்சு என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். நனாமி தன் திறமையைப் பற்றிப் பெருமையடிப்பதில்லை, மிரட்டுவதுமில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் தொனியில், நீங்கள் ஏன் சாகப்போகிறீர்கள் என்பதை விளக்குகிறாள். அடிவயிற்றைப் பிசைவது அந்தத் தொனிதான். அவள் கத்தியிருந்தால், இசை முழங்கியிருந்தால், இன்னொரு வில்லி என்று கடந்துபோயிருப்போம். அவள் குரல் அமைதியாக இருக்க இருக்க, எதிரே நிற்கும் நிஞ்சாவின் பேச்சு தடுமாறிச் சிதறுகிறது. சண்டையின் போக்கு கைகளில் தெரிவதற்கு முன்பே குரல்களில் தெரிந்துவிடுகிறது.

அந்த மூவரும் வெறும் பலியாடுகளாக வரவில்லை என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள். தீவுக்குப் போகும்போது அவர்கள் பேசிக்கொள்வதை வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிட்டால், பிறகு விழும் பிணங்கள் வெறும் எண்ணிக்கையாகிவிடும். மூவரில் எடையை இல்லாமல் செய்துகொள்ளும் சோச்சோ தன் குலத்துப் பெண் ஒஷிதோரியைக் காதலிக்கிறான். மணம் முடிக்கும் ஆசையைச் சொல்கிறான். தோழர்கள் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாயகனின் எதிரிகளுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கி, அவர்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைக் காட்டிவிட்டு, நாயகனின் அக்கா கையால் அவர்களைச் சாகவிடுகிறது கதை. யார் பக்கம் நிற்பது என்று பார்ப்பவர் தடுமாற வேண்டும். பேச்சைக் கேட்காதவருக்கு அந்தத் தடுமாற்றம் வராது.

இப்போது ஹக்குஹெய்க்கு வருவோம். அவனை வென்ற பிறகு ‘ஜப்பானின் தலைசிறந்தவன்’ என்ற பட்டம் ஷிச்சிகாவுக்கு வந்து சேர்கிறது. அதே அத்தியாயத்தில், அந்தப் பட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாத ஒருத்தி, யாரும் பார்க்காத தீவில், நிஜமாகவே யார் வலியவர் என்பதைக் காட்டிவிடுகிறாள். சண்டையைக் காட்டியிருந்தால் இந்த மோதல் நீர்த்துப்போயிருக்கும். பட்டத்துக்கான போட்டியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பட்டமில்லாதவளைத் திரையில் நிறுத்தியது திட்டமிட்ட முடிவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹக்குஹெய்யிடமிருந்து திரட்ட வேண்டிய வாளின் பெயர் ஹக்குதோ ஹாரி. சற்றுப் பிசகி வீசினாலே உடைந்துவிடும் அளவுக்கு மெல்லியது, ஒளி ஊடுருவும் வாள். கண்ணுக்கே சரியாகப் புலப்படாத வாளுக்கு, கண்ணுக்குக் காட்டப்படாத சண்டை. இது என் வாசிப்பு. ஆனால் இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தயாரிப்பு நிறுவனத்தைத் திட்டுவது அடுத்த தவறு. நாவல்கள் 2007இல் ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதம் ஒன்றாக வந்தவை. நான்காம் நாவலிலேயே இந்த வேலை நடந்துவிட்டது. ஹக்குஹெய்யுடனான சண்டை அதிலும் கிடையாது, நனாமியின் கதைதான் இருக்கிறது. எழுத்தாளர் வாசகருக்குச் செய்ததை அனிமே பார்வையாளருக்குச் செய்தது, அவ்வளவுதான். அத்தியாயத்தில் வராத காட்சிகளை முன்னோட்டத்துக்காகவே வரைந்திருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். காசை மிச்சம்பிடிக்க நினைக்கும் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

பேச்சை ஓட்டிவிட்டுப் பார்ப்பது இந்தத் தொடரில் மிகவும் பரவலான பழக்கம். வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள், அல்லது வாள் உருவும் இடம்வரை தள்ளிவிடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இனாபா பாலைவனத்தில் நடந்துபோகும்போது, உனக்கென்று ஒரு தனித்தன்மையே இல்லை, மனதில் நிற்கும்படி ஒரு வசனமாவது வேண்டும் என்று தொகாமே ஷிச்சிகாவைப் பிடித்துக்கொள்கிறாள். இருவரும் நெடுநேரம் அதைப் பற்றியே விவாதிக்கிறார்கள். கதைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருவரும் சேர்ந்து உருவாக்கிய வசனத்தைப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும் ஷிச்சிகா சொல்லும்போது, அதில் தொகாமேயும் இருக்கிறாள். மனித உணர்வே தெரியாமல் வளர்ந்த ஒருவனுக்கு ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக முகம் கொடுப்பதை அந்தப் பாலைவனப் பேச்சில் பார்க்கிறோம். கடைசி அத்தியாயம்வரை அந்த வசனத்தின் கனம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பேச்சைத் தாண்டிப் போனவருக்கு முடிவில் கண் கலங்காது.

அதே இரண்டாம் அத்தியாயத்தில் நான்காம் அத்தியாயத்துக்கான எச்சரிக்கையும் இருக்கிறது. மனிவா ஷிராசாகி என்ற நிஞ்சா வருகிறான். சொற்களைத் தலைகீழாகப் பேசுகிறவன். அவனுடைய வித்தை என்னவாக இருக்கும் என்று ஆவலோடு பார்க்கிறோம். வித்தையைக் காட்டுவதற்கு முன்பே வெட்டுப்பட்டுச் சாகிறான். எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டு அதைப் பாதியில் அறுப்பது இந்தக் கதை சொல்லும் முறை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வசன வரிகளை நம்பிப் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பேச்சு வேகமெடுக்கும்போது கண் திரையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. நாவல்களுக்குப் படம் வரைந்த தாக்கேயின் ஓவியங்களில் அந்த உருவங்கள் மிக எளிமையானவை. இமை சற்றுத் தாழ்வது, தலை ஒரு பக்கம் சாய்வது என்று சின்ன அசைவுகளில்தான் மனம் தெரியும். தயங்காமல் நிறுத்தி, வரியைப் படித்துவிட்டு, காட்சியை மறுபடி ஓடவிடுங்கள். நனாமியின் காட்சிகளுக்காவது இதைச் செய்யுங்கள். கதைசொல்லியின் குரலையும் விட்டுவிட வேண்டாம். மசாகோ இகேதா என்ற மூத்த குரல் கலைஞர் அதைச் சொல்கிறார். அவர் பேசும்போது இது நமக்குச் சொல்லப்படும் கதை என்பது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு குறை தேடுவதும் வேண்டாத வேலை. கதையில் வரும் யனாரி ஷோகுன் ஆட்சி கற்பனை. எட்டாம் அத்தியாயத்தில் இயந்திரப் பாவை ஒன்றே வந்து நிற்கிறது. ஆனால் வரலாறு தெரிந்திருந்தால் கிடைக்கும் சுவை வேறு. ஹக்குஹெய்யோடு சண்டை நடந்த இடம் கன்ரியு தீவு. 1612இல் மியாமொத்தோ முசாஷி, சசாகி கொஜிரோ என்ற இரு வாள்வீரர்கள் மோதியதாகச் சொல்லப்படும் அதே தீவு. ஜப்பானில் ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சண்டை அது. அதைக் குறிப்பிடும் புகழ்பெற்ற கொக்குரா கல்வெட்டை முசாஷியின் வளர்ப்பு மகன் 1654இல்தான் நாட்டினார், சண்டை முடிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. நேரில் பார்த்தவர்களை விட, பிறகு சொன்னவர்களால் வாழும் சண்டை அது. அப்படிப்பட்ட தீவில் நடந்ததை நமக்குக் காட்டாமல், நடந்த பிறகு வாய்ப்பேச்சாக மட்டும் தருகிறார் நிசியோ இஷின். இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இன்னொரு பழக்கம், பார்த்து முடித்த சூட்டோடு மதிப்பெண் போட்டுவிடுவது. ஒரே நாளில் 12 அத்தியாயங்களையும் விழுங்குவதும் இந்தத் தொடருக்கு ஒத்துவராது. அவை மாதம் ஒன்றாக வந்தவை. கதைக்குள்ளும் பயணம் அப்படித்தான் நகர்கிறது. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

நண்பருக்குத் தொடரைப் பரிந்துரைக்கும்போது, நான்காவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது பார் என்று கண்ணடிக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் முன்னோட்டத்தை நம்பி உட்கார்ந்தவருக்கு மட்டுமே அந்த அத்தியாயம் முழுதாகக் கிடைக்கும். அவர் கோபத்தோடு வந்தால், நனாமி பேசியது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால், ஏழாம் அத்தியாயத்தைத் தொடங்கும் முன் நான்காவதை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஏழாவதில் மீண்டும் நனாமிதான் வருகிறாள்.