நேரிய சமன்பாடுகள்: வரைபடத்திலும் இயற்கணிதத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2க + 3ச = 12, க − ச = 1 என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். க கிடை அச்சில், ச செங்குத்து அச்சில். சரியான தீர்வு க = 3, ச = 2.

பிரதியிடல் முறையில் அதிகம் நடக்கும் தவறு அடைப்புக்குறியில்தான். இரண்டாவதிலிருந்து க = ச + 1. முதலாவதில் போட்டால் 2(ச + 1) + 3ச = 12. இதை அவசரத்தில் 2ச + 1 + 3ச = 12 என்று விரித்தால் ச = 2.2, க = 3.2 வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது: சரிபார்க்க க − ச = 1-இல் போட்டால் 3.2 − 2.2 = 1, பொருந்திவிடும்! க-வின் மதிப்பை அதிலிருந்துதானே எடுத்தோம், பொருந்தாமல் எங்கே போகும். முதலாவதில் போட்டால்தான் 6.4 + 6.6 = 13 என்று குட்டு உடையும். ஆகவே சரிபார்ப்பது எப்போதும் மற்றச் சமன்பாட்டில். இரண்டிலும் செய்தால் இன்னும் நல்லது.

நீக்கல் முறையில் (ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து ஒரு மாறியை, இங்கே க-வை, மறையச் செய்வது) இரண்டாவதை 2-ஆல் பெருக்கும்போது வலப்பக்கத்தை மறந்து 2க − 2ச = 1 என்று எழுதுவார்கள். விடை மறுபடியும் 2.2 தான், அதே தவறு வேறு வேடத்தில். கழிக்கும்போது 3ச − (−2ச) என்பது 5ச. குறியை மாற்றாமல் விட்டால் ச = 10 என்று வந்து நிற்கும்.

வரைபடத்துக்கு இரண்டு புள்ளிகள் போதும் என்பது உண்மை, ஆனால் மூன்று குறியுங்கள். க − ச = 1-இல் க = 0 என்றால் ச = −1. அதை 1 என்று எடுத்து (0, 1), (1, 0) வழியாகக் கோடு போட்டால் அது க + ச = 1-இன் கோடு. மற்றக் கோட்டை அது (−9, 10)-இல்தான் வெட்டும். தாளில் அந்த இடம் இருக்காது, உடனே 'இணைகோடுகள், தீர்வு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவதாக (2, 1)-ஐக் குறித்திருந்தால் அது கோட்டில் விழாமல் காட்டிக்கொடுத்திருக்கும். 2க + 3ச = 12-க்குப் பின்னம் வராமலிருக்க க-வுக்கு 0, 3, 6 கொடுங்கள்; ச 4, 2, 0 ஆகும்.

அளவுத்திட்டத்தை அச்சின் நடுவில் மாற்றக் கூடாது. கோடுகளைக் கடைசிப் புள்ளியோடு நிறுத்தாமல் இருபுறமும் நீட்டுங்கள்.

க − 2ச = 1 என்று இரண்டாவது மாறினால் ச = 10/7. வரைபடத்தில் 1.4 என்றுதான் படிக்க முடியும். துல்லியம் வேண்டுமானால் இயற்கணிதம்தான் வழி.

நீக்கும்போது இரு மாறிகளும் மறைந்தால் க = 0, ச = 0 என்று எழுதிவிடாதீர்கள். 4க + 6ச = 20 உடன் முதலாவதைச் சேர்த்துத் தீர்த்தால் 0 = 4 வரும்; கோடுகள் இணை, தீர்வு இல்லை. வலப்பக்கம் 24 ஆக இருந்தால் 0 = 0; இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள்.