செட்டிநாட்டுச் செம்மண்ணில் பாலைநிலப் புகையிலை: விதையிலிருந்து வளர்க்கும் முறை

வறட்சியைத் தாங்குவது வேர் பிடித்த செடியே அன்றி, கடுகினும் பன்மடங்கு சிறிய அதன் விதை அன்று. இதை மறந்து காய்ந்த மண்ணில் விதையைத் தூவுவோர்தாம் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். இங்கே கூறப்படுவது, வட அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் தானே வளரும் நிக்கோட்டியானா அட்டெனுவாட்டா என்னும் ஒருபருவச் செடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுப் புகையிலை என வழங்குவது லோபீலியா இனம். அது வேறு குடும்பம்.

காரைக்குடி வட்டாரத்தில் விதைக்க ஏற்றது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம். கார்த்திகை அடைமழையில் நாற்று அழுகும்; சித்திரை வெயிலில் மேல்மண் ஒரே பகலில் உலர்ந்துவிடும்.

தாயகத்தில் இவ்விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, காட்டுத்தீக்குப் பின் புகையின் வேதிப்பொருள்கள் ஈரத்தோடு வந்து சேரும்போது விழிக்கிறது. ஆய்வுக்கூடங்களில் 50 மடங்கு நீர்த்த புகைநீரில் (புகையின் சாரம் கரைந்த நீரில்) முளைப்பைத் தூண்டும் ஜிப்பரலிக் அமிலம் சேர்த்து விதையை 1 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். வீட்டில் அத்தனை துல்லியம் வாராது எனினும், திறந்தவெளியில் தூபக்காலில் வைக்கோலைக் கனலவிட்டு, ஈரமணல் பரப்பிய தட்டை அருகில் வைத்து, சிறிது காற்றுப் புகும்படி அண்டாவைக் கவிழ்த்து மூடினால், புகையின் சாரம் மணலில் படியும். புகை மிகுந்தாலும் முளைப்பு தடைப்படும் என்பதால், அம்மணலைச் சாதாரண மணலோடு கலந்தே பயன்படுத்த வேண்டும்.

செம்மண், ஆற்றுமணல், சிறிதளவு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பிய நாற்றுத்தட்டின் மேல் அந்த மணலை மெல்லியதாகப் பரப்பி, விதையை அதன்மேல் தூவி, மண் மூடாமல் விட வேண்டும். விதைக்கு வெளிச்சம் தேவை. பூவாளி நீர்கூட விதையை அடித்துச் செல்லும் ஆதலால், தட்டை ஆழமற்ற நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்வதே நன்று. வளவு முற்றத்தின் காலை வெயில் இப்பருவத்துக்குப் போதும்.

நான்கைந்து இலை வந்தபின் நாற்றைத் தொட்டிக்கு மாற்றி, நீரை மெல்ல மெல்லக் குறைக்கலாம். மேல்மண் காய்ந்தபின் ஆழமாக நீர்விட்டால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். சொட்டச் சொட்டத் தினமும் ஊற்றினால் மேலேயே நின்றுவிடும்.

இலையில் நிக்கோட்டின் உண்டு. கையுறை இன்றித் தொடலாகாது. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடமே வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் இவற்றுக்கு அருகிலும் வேண்டாம். ஒரே குடும்பமாதலால் தேமல் நோய் எளிதில் தாவும்.

மாலையில் விரியும் வெண்பூக்கள் உதிர்ந்தபின் காய்கள் பழுப்பேறும்போதே நறுக்கிக் காகித உறையில் இட வேண்டும்; வெடித்துச் சிதறிய விதை, மறந்துபோன பிறகு என்றாவது முளைத்து நிற்கக்கூடும்.