ஆங்கிலத்தில் ‘காபி குடிக்கப் போகலாமா?’ என்று கேட்பதில் வரும் தவறுகள்

லண்டனுக்கு மேற்படிப்புக்குப் போன ஒரு தம்பி, கூடப் படிக்கும் பெண்ணை ‘இந்த வாரம் ப்ரபோஸ் பண்ணப்போகிறேன்’ என்று தன் ஆங்கிலேய நண்பனிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். நண்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே ப்ரபோஸ் என்றால் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்பது. நம் தம்பி கேட்க நினைத்ததோ ஒரு காபிக்கு வருவாரா என்பதை மட்டும். அதற்கு அவர்கள் சொல்வது ‘ஆஸ்க் அவுட்’. முதலில் இந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் என்னிடம் இதைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இலக்கணத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். எதிரில் இருப்பவர் சங்கடமில்லாமல் ‘முடியாது’ என்று சொல்ல உங்கள் வாக்கியத்தில் இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

‘சனிக்கிழமை காபிக்கு வாங்க’ என்று தமிழில் சொன்னால் அதில் ஒரு குறையும் இல்லை. ‘வாங்க’ என்பதில் இருக்கும் அந்த ‘ங்க’ மரியாதையையும் அன்பையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘கம்’மில் அது இல்லை. ‘கம் ஃபார் காபி ஆன் சாட்டர்டே’ என்று அதிகம் பழகாத ஒருவருக்கு எழுதினால் கட்டளை போலக் கேட்கும். சரி, ‘ப்ளீஸ்’ சேர்க்கலாமே என்றால் கெஞ்சல் ஆகிவிடும். ‘கைண்ட்லி’ சேர்த்தால் ஆபீஸ் கடிதம். ‘யூ வில் கம், நோ?’ என்பது எல்லாவற்றையும்விட மோசம், பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் மரியாதை கேள்வியில்தான் இருக்கிறது: ‘வுட் யூ லைக் டு கெட் எ காபி ஆன் சாட்டர்டே?’

இதில் ‘வுட்’ போய் ‘டூ’ வந்துவிட்டால் கதையே மாறிவிடும். ‘டூ யூ லைக் காபி?’ என்றால் காபி பிடிக்குமா என்று மட்டும்தான் அர்த்தம். ‘யெஸ், ஐ டூ’ என்று பதில் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஆமாம், இல்லை என்பதிலும் ஒரு பெரிய குழி இருக்கிறது. ‘வுட் யூ மைண்ட் மீட்டிங் அட் சிக்ஸ்?’ என்று அவர் கேட்கிறார். ஆறு மணிக்குச் சந்திப்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். நாம் ஆசையோடு ‘யெஸ், யெஸ்’ என்று சொன்னால் ‘எனக்கு ஆட்சேபம் உண்டு’ என்று சொன்னதாகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிப் பழகுங்கள். எதிர்மறைக் கேள்வியும் இப்படித்தான். ‘சனிக்கிழமை வேலை இல்லையே?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமா, இல்லை’ என்போம். ஆங்கிலத்தில் ‘நோ, ஐ ஆம் ஃப்ரீ’ என்று வர வேண்டும்.

அப்புறம் நேரம். ‘டுடே ஈவினிங்’ என்பது ‘இன்னைக்கு சாயங்காலம்’ என்பதன் நேர்ப் பெயர்ப்பு, அவர்கள் ‘திஸ் ஈவினிங்’ என்பார்கள். இங்கிலாந்தில் ஒருவர் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை மணி. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ வரும் வெள்ளியா, அடுத்த வார வெள்ளியா என்று அவர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. 5/6 என்று எழுதினால் லண்டனில் ஜூன் 5, நியூயார்க்கில் மே 6. மாதத்தின் பெயரை எழுதிவிடுங்கள். நேரத்தை முன்னால் கொண்டுவர ‘ப்ரீபோன்’ என்று கேட்காதீர்கள். அது நம் நாட்டு ஆங்கிலம், அங்கே பலருக்குப் புரியாது.

ஒரு சொல்லை மட்டும் தொடவே வேண்டாம்: ‘ஹூக் அப்’. சும்மா சந்திப்பது என்று நினைத்து எழுதுகிறார்கள். இன்றைய பேச்சில் அது படுக்கைவரை போகும் அர்த்தம் கொண்டது. ‘மீட் அப்’ போதும்.

தினமும் ‘ஹேட் யுவர் லன்ச்?’ என்று அனுப்புகிறவர்களும் உண்டு. ‘சாப்டாச்சா’ என்பதில் நமக்கு இருக்கும் பாசம் அவர்களுக்கு எட்டாது. சாப்பிடக் கூப்பிடுகிறாரோ என்றுகூட நினைப்பார்கள்.

கடைசியாக, பதிலைப் புரிந்துகொள்வது. ‘ஐ ஆம் சீயிங் சம்ஒன்’ என்றால் அவருக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று பொருள், யாரையோ பார்க்கப் போகிறார் என்பதல்ல. ‘ஐ வுட் லவ் டு, பட் ஐ ஆம் பிஸி திஸ் வீக்’ என்று வந்தால் அடுத்த வரியைப் பாருங்கள். ‘ஹவ் அபவுட் டியூஸ்டே?’ என்று வேறு நாள் சொன்னால் உண்மையிலேயே வேலை இருக்கிறது. வேறு நாளே சொல்லாமல் ‘மேபீ சம் அதர் டைம்’ என்று முடித்தால் பெரும்பாலும் அது மென்மையான மறுப்பு. அதற்குப் பிறகு ‘வொய்?’ என்று கேட்டு எழுத வேண்டாம். ‘நோ வரீஸ், சீ யூ இன் க்ளாஸ்’ என்று எழுதுங்கள். மறுநாள் வகுப்பில் பார்க்கும்போது எப்போதும் போல ‘ஹாய்’ சொல்லுங்கள்.