காயப்பட்டவர்களுக்காக வன்னியில் சைக்கிள் ஓடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக நெல் அறுத்து முடிகிற மாசி, பங்குனியில், இலங்கையின் வடக்கே வன்னியூடாகப் போகும் ஏ9 வீதியில் ஒரே நிற ரீசேட் போட்ட சைக்கிள் வரிசைகளைக் காணலாம். போரில் காயப்பட்டவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவி சேர்க்கும் நெடுந்தூரப் பயணங்கள் அவை. இந்த வழக்கம் வேறு நாடுகளில் படையினருக்காகத் தொடங்கியது. 2004 இல் அமெரிக்காவில் ஒருவர் கரைக்குக் கரை சைக்கிள் ஓடிக் காயப்பட்ட படையினருக்குப் பணம் சேர்த்தார். பின்னர் காயப்பட்டவர்களே அதில் ஓடத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 2007 இல் தோன்றிய ஹெல்ப் ஃபோர் ஹீரோஸ் அமைப்பு, அடுத்த ஆண்டே பழைய போர்க்களங்கள் வழியாகப் பெரும் சைக்கிள் பயணம் ஒன்றை நடத்தியது. வன்னியில் காயம் சீருடை பார்த்து வரவில்லை. ஒரே ஒழுங்கையில் காலை இழந்த முன்னாள் போராளியும் இருப்பார், முள்ளந்தண்டில் செல் (எறிகணை) பட்ட ஆசிரியையும் இருப்பார், உடம்புக்குள் பீஸோடு, அதாவது செல் துண்டோடு, வளர்ந்த பிள்ளையும் இருப்பான்.

தலைக்கவசம் போடுங்கள், பிறேக்கைப் பாருங்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள், முன்னர் ஓடியவர்கள் விட்ட அதே பிழைகளை விடுவது வேறு இடங்களில்.

மாதமும் திசையும்

வெளிநாட்டு உறவுகள் ஓகஸ்ட் விடுமுறைக்கு வருவதால் பயணத்தையும் ஓகஸ்டில் வைக்கிறார்கள். அது சோளகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து விடாமல் வீசும். யாழ்ப்பாணத்தில் தொடங்கி வவுனியாவை நோக்கி ஓடினால் அது வழியின் பெரும்பகுதியில் முன்பக்கவாட்டில் அடிக்கும். ஆனையிறவு வெளியில் ஒதுங்க ஒரு மரமும் இல்லை. ஓகஸ்ட்தான் என்றால் வவுனியாவில் தொடங்கி வடக்கே ஓடுங்கள். அதே காற்று பின்பக்கவாட்டிலிருந்து தள்ளிவிடும்.

மாசி, பங்குனி நல்ல மாதங்கள். ஆனால் வீதி ஓரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் சில்லு ஏறினால் வழுக்கும், ஒரு குடும்பத்தின் விளைச்சலும் மண்ணோடு சேரும். விடியமுன் பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்களும் நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகளும் இருக்கும். முன்விளக்கு இல்லாதவர்களை வெளிச்சம் வரும்வரை ஓட விடாதீர்கள். ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும்.

மாங்குளம் வரை பறப்பது

வவுனியாவிலிருந்து மாங்குளம் ஏறக்குறைய 47 கிலோமீற்றர். வீதி நல்லது, காலை குளிர்மையானது, கூட்டத்தின் உற்சாகம் வேறு. சாதாரண லுமாலா சைக்கிளில் மணிக்கு 25 கிலோமீற்றர் அடித்துக்கொண்டு போவார்கள். மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு இன்னும் 49 கிலோமீற்றர் கிடக்கிறது. வெயில் ஏறுவதும் தொடையில் பிடிப்பு வருவதும் அந்த இரண்டாம் பாதியில்தான். கியர் இல்லாத சைக்கிளுக்கு 16 முதல் 18 வரை போதும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி.

வெறும் தண்ணீர்

மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் வரை தேவை. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலையிடி, ஓங்காளம், தடுமாற்றம் வரும். அதைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூளைக் கரையுங்கள்: ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர். அரை லீற்றர்ப் போத்தலில் முழுப் பைக்கற்றையும் கொட்டாதீர்கள்.

புதிய சீற், புதிய சப்பாத்து

பயணத்தன்று வேண்டாம்.

பற்றைக்குள் ஒதுங்குவது

சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லை என்பதும் காடு சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. எங்கெங்கே மலசலகூடம் என்று முதலே வழிப்படத்தில் குறித்துக் கொடுங்கள், பெண்கள் ஓடும்போது கட்டாயம்.

காயப்பட்டவர்கள் சேர்ந்து ஓடும்போது

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே பெரும்பாலும் வியர்க்காது. கையால் மிதிக்கும் மூன்று சில்லு வண்டியில் அவர் தெம்பாகத்தான் தெரிவார், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். தாகம் வரட்டும் என்று காத்திராமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்திலும் கையிலும் ஈரத் துவாயைப் போடுங்கள். திடீரென்று கடும் தலையிடியும் முகச் சிவப்பும் வந்தால் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி இருத்தி, சலக்குழாய் மடிந்திருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறியிருக்கக்கூடும். உடனே வைத்தியசாலை.

செயற்கைக் கால் போட்டவர் ஒவ்வொரு தரிப்பிலும் காலைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உறை மாற்ற வேண்டும். ஈரத்தோடு மிதித்தால் துண்டிக்கப்பட்ட காலின் முனையில் கொப்புளம் வரும், பிறகு வாரக்கணக்கில் கால் போட முடியாது. அதற்கான பத்து நிமிடத்தை அட்டவணையிலேயே எழுதுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

அளவெடுக்காமல் வாங்கும் சக்கர நாற்காலி

மற்றப் பிழைகளுக்கு ஓடுகிறவர் விலை கொடுக்கிறார். இதற்கு யாருக்காக ஓடினோமோ அவர் கொடுக்கிறார். எத்தனை முறை சொல்லியும் இது நிற்பதாக இல்லை.

பயணம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது பணத்தை எண்ணி, இருபது கதிரைகளுக்குக் கட்டளை கொடுக்கிறார்கள். இருபதும் 18 அங்குல இருக்கை, மடிக்கும் இரும்புச் சட்டம், சிறிய முன்சில்லு. நோயாளியை சீமெந்துத் தரையில் இன்னொருவர் தள்ளிப்போகச் செய்த வைத்தியசாலைக் கதிரை அது. அதில் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வாழப்போகிறவரை யாரும் நினைக்கவில்லை. தன் சைக்கிள் சீற்றை அரை அங்குலம் ஏற்றுவதா இறக்குவதா என்று ஒரு மாதம் பார்த்தவர்தான் இந்தக் கட்டளையைக் கொடுத்தவரும்.

மெலிந்த ஒருவரை அகன்ற இருக்கையில் இருத்தினால் அவர் ஒரு பக்கம் சாய்வார். உடம்பின் பாரம் ஒரு பக்க இருப்பெலும்பில், அதாவது பிட்டத்தடி எலும்பில், இறங்கும். அங்கே உணர்ச்சி இல்லாததால் நோவு தெரியாது. முதலில் தோலில் ஒரு கருமை, தொட்டால் சூடு. பிறகு புண். அது எலும்பு வரை போகும். மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிரே போகும். வன்னியில் சில வீடுகளில் தானமாக வந்த இரண்டு, மூன்று கதிரைகள் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்கும், அவற்றுக்குரியவர் நிலத்தில் கையூன்றி நகர்வார். கொடுத்ததைப் பாவிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்வதையும் கேட்கலாம். அந்தக் கதிரை அவருக்கானதாக இருந்ததே இல்லை.

அளவு எடுப்பது கடினமில்லை. கெட்டியான வாங்கில் அவரை நிமிர்ந்து இருத்துங்கள். இடுப்பின் அகன்ற இடத்து அளவுதான் இருக்கையின் அகலம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, 3 முதல் 6 சென்ரிமீற்றர் கழித்தால் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிக்கால் வரை அளந்து, மெத்தையையும் கணக்கில் எடுத்தால் கால்தட்டின் உயரம். தொடை முழுதும் மெத்தையில் படிய வேண்டும். கால்தட்டு உயர்ந்து முழங்கால் மேலெழுந்தால் பாரம் முழுக்க மறுபடி இருப்பெலும்புக்கே போகும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே, இயன்மருத்துவர் ஒருவரோடு வீடு வீடாகப் போய் எடுக்க வேண்டிய அளவுகள் இவை. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டி, கதிரை வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. பொருத்திப் பார்ப்பதும், பழக்குவதும், பிறகு போய்ப் பார்ப்பதும் அதில் தனித்தனிப் படிகள்.

மெத்தை இல்லாமல் கதிரை கொடுக்காதீர்கள். சாதாரண ஸ்பொஞ்ச் சில மாதத்தில் தட்டையாகிவிடும். அவர் இருக்கும்போது மெத்தைக்கும் இருப்பெலும்புக்கும் நடுவே விரல் நுனிகளை நுழையுங்கள். 5 மில்லிமீற்றராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் நல்லது. அசைக்க முடியாமல் இலகுவாக இழுக்க மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. விரல் இறுகிப்போனால் அந்த மெத்தை ஆகாது.

பிறகு மண். முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் உள்ளூர்க் கிரவல் ஒழுங்கையிலும் ஒடுங்கிய முன்சில்லு புதைந்து, ஆள் முன்னால் விழுவார். அகன்ற முன்சில்லு, அல்லது முன்னே நீண்ட மூன்று சில்லுக் கதிரை கேளுங்கள். வாசற்படியையும் அளந்து பாருங்கள்: 15 சென்ரிமீற்றர் படிக்கு 180 சென்ரிமீற்றர் நீளச் சாய்தளம் வேண்டும். மலசலகூடக் கதவு கதிரையை விட ஒடுங்கியிருந்தால் முதலில் கதவை மாற்றுங்கள்.

பணம் போதாதென்றால் இருபதைப் பன்னிரண்டாக்குங்கள். பன்னிரண்டும் அளவோடு, மெத்தையோடு இருக்கட்டும். மேடையில் வரிசை சிறியதாகத் தெரியும் என்பதற்காக எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

மேடை

காயப்பட்டவரை வெயிலில் ஏற்றிவைத்துப் படம் எடுக்காதீர்கள். வீட்டில் கொடுங்கள்.

கணக்கு

தனியாள் வங்கிக் கணக்கில் பணம் சேர்க்கக் கூடாது. இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது.

ரயரும் பம்மும்

கதிரையின் பின்சில்லு 24 அங்குலம், கடையில் உள்ள சிறுவர் சைக்கிள் ரயரும் 24 அங்குலம் என்று நம்பி மாற்று ரயர் வாங்கிக் கொடுக்கிறார்கள். பொருந்தாது. கதிரை ரயரின் பக்கத்தில் பெரும்பாலும் 37-540 என்று இருக்கும், சிறுவர் மலைச் சைக்கிள் ரயரில் கடைசி எண் 507. அந்த மூன்று இலக்கம் விளிம்பின் விட்டம், மில்லிமீற்றரில். வித்தியாசம் 33. ஒவ்வொரு கதிரையோடும் இரண்டு ரயர், இரண்டு ரியூப் சேர்த்து வாங்குங்கள். பல கதிரைகளின் ரியூப்பில் மோட்டார் சைக்கிள் வால்வுதான் இருக்கும், வீட்டுச் சைக்கிள் பம்மின் வாய் அதில் பிடிக்காது. இரண்டு வால்வுக்கும் பொருந்தும் பம் ஒன்றையும் கொடுத்து, அவர் கையாலேயே ஒருமுறை காற்றடிக்க விட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.