கட்டெறும்பு ராணிக்கு ஒரு சோதனைக்குழாய் போதும்

வீட்டில் எறும்புக் கூட்டம் வளர்க்க, மழை விட்ட மாலையில், சிறகு உதிர்த்துத் தரையில் அலையும் கட்டெறும்பு ராணியைப் பிடியுங்கள். (ஈசலென்று குழம்ப வேண்டாம், ஈசலுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது.) 15 செ.மீ. சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை நீர்மட்டம் தொடும்வரை இறுக்கமாகத் தள்ளுங்கள். தளர்ந்திருந்தால் தண்ணீர் கசிந்து ராணி மூழ்கிவிடும். ராணியை உள்ளே விட்டு, குழாயின் வாயை உலர்ந்த பஞ்சால் அடைத்து, துணி சுற்றி இருட்டில் கிடைவாக்கில் வையுங்கள்.

முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை தீனி வேண்டாம். சிறகுத் தசையைக் கரைத்தே ராணி புழுக்களை வளர்த்துவிடும். தினமும் எடுத்துப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. மிரண்டால் முட்டைகளைத் தானே தின்றுவிடும். வாரம் ஒருமுறை போதும்.

வேலைக்காரர்கள் வந்தபின் குண்டூசித் தலையளவு தேன்நீர், நசுக்கிய கொசு ஒன்று. மீந்ததை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்கும்.