எண்ணெய் குடித்த பால்சா மரத்தைக் காயவைத்த கதை

என் பழைய மாடல் விமானம் குளோ எஞ்சினில் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய எஞ்சின்) பறப்பது. அதில் ஃபயர்வால், அதாவது எஞ்சினைப் பொருத்தும் முன்பலகை, லேசாக ஆடியது. சுற்றியிருந்த பால்சா (மிக லேசான மரம்) பழுப்பேறி, நகத்தால் அழுத்தினால் பளபளத்தது. எபாக்சி பசை பூசினேன், இறுகியது, ஆனால் மறுநாள் தகடாக உரிந்து வந்தது.

குளோ எரிபொருளில் மெத்தனால் பறந்துவிடும், எண்ணெய்தான் மரத்தில் தங்கும். வெயிலில் வைத்தும் பயனில்லை. பெட்ரோலிய தின்னரால் துடைத்தேன், மேலே மட்டும் சுத்தமானது. என் எரிபொருளில் இருந்தது ஆமணக்கெண்ணெய். மற்ற பல எண்ணெய்களைப் போல் அல்லாமல், அது பெட்ரோலிய தின்னரில் எளிதில் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

அப்புறம் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்துக் கெட்டியாக அப்பினேன். ஆல்கஹால் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கிறது, மாவு உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்தபோது மாவு மஞ்சளாகியிருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி அப்பினேன். மரத்தின் குறுக்குவெட்டு முனைகளில்தான் அதிகம் ஊறியிருக்கும், அங்கே தடிமனாக அப்ப வேண்டும்.

மாவு வெளுப்பாகவே காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நம்பிவிடக் கூடாது. ஆல்கஹால் வாடை முழுக்கப் போன பிறகு (தீப்பற்றும், அவசரம் வேண்டாம்) டிஷ்யூ வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஒத்தினேன். ஆழத்தில் இருந்த எண்ணெய் புள்ளி புள்ளியாக டிஷ்யூவில் ஏறியது. திரும்பவும் மாவு, திரும்பவும் சூடு. டிஷ்யூ கறைபடாமல் வந்ததும் லேசாகத் தேய்த்து எபாக்சி போட்டேன். இப்போது இழுத்தாலும் அசையவில்லை. அப்பாடா!