கோஹிமா போர்க்களம்: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்துச் சண்டையிட்டு இறந்தவர்களின் கல்லறை நாகாலாந்துத் தலைநகர் கோஹிமாவில் இருக்கிறது. இந்தப் போர்க் கல்லறைக்குப் போகிற பலர் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை. வாசலை ஒட்டிக் கீழேயே பிரிட்டிஷ் ராணுவத்தின் இரண்டாவது டிவிஷனின் நினைவுக்கல் நிற்கிறது. ஊருக்குத் திரும்பினால் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று தொடங்கும் புகழ்பெற்ற வரிகள் அதில்தான் இருக்கின்றன. அதன் பக்கத்தில் நின்று ஒரு படம், அப்புறம் நேரே வண்டிக்கு. பெரிய தவறு இதுதான். சண்டை நடந்த இடம் மேலே இருக்கிறது.

அடுக்கடுக்காக ஏறிப் போனால் ஒரு டென்னிஸ் மைதானம் வரும். துணை ஆணையர் பங்களாவின் மைதானம் அது. 1944 ஏப்ரலில் அதன் ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை. பங்களா அழிந்துவிட்டது, மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். டென்னிஸ் மைதானத்தின் நீளம் 24 மீட்டர்கூடக் கிடையாது. கூட வந்தவரை எதிர்க்கோட்டில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளிப்பதுகூடத் தெரியும். இந்தத் தூரத்தில்தான் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். எதுவும் படிக்காமல் போனால் இது வெறும் புல்தரையாகத்தான் தெரியும். முந்தின நாள் ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போங்கள், போதும்.

'எல்லாம் வெள்ளைக்காரர் கல்லறைதானே' என்று திரும்பிவிடுவது அடுத்த தவறு. இங்கே 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இன்னும் மேலே, உச்சியில், அவரவர் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவகம் இருக்கிறது. மூச்சு வாங்கினாலும் அங்கே ஏறிவிட வேண்டும் என்பேன்.

கல்லறைக் கற்கள் தாழ்வானவை. அவற்றின்மேல் உட்காருவதோ பையை வைப்பதோ கூடாது. குனிந்து வெண்கலத் தகட்டைப் படியுங்கள். பெயர், படைப்பிரிவு, பெரும்பாலும் வயது, சிலவற்றில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி.

யார் நம் ஆள், யார் எதிரி என்று அங்கே நின்று வாதம் செய்வதையும் தவிர்க்கலாம். ஜப்பானியரோடு இந்திய தேசிய ராணுவமும் வந்தது. எதிரே நின்றவர்களிலும் இந்தியர்கள் ஏராளம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாகா மக்கள். அவர்கள் ஊரில் நின்றுகொண்டு அவர்களை மறந்துவிட்டுப் பேசுவது நன்றாக இல்லை.

சரி, பயண விஷயம். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், அதனால் காலையிலேயே போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது.

கோஹிமாவோடு நிறுத்திக்கொண்டால் கதை பாதிதான். ஜப்பானியர் முற்றுகையில் இருந்த மணிப்பூர்த் தலைநகர் இம்பாலுக்கு வழி திறந்தது 1944 ஜூன் 22 அன்று. இரு பக்கமிருந்தும் வந்த படைகள் சந்தித்தது இதே கோஹிமா-இம்பால் சாலையில். மணிப்பூருக்கும் தனி பெர்மிட் வேண்டும். கிளம்பும் முன் சாலை நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.